பட்டியலிலிருந்து மறைந்த பெயர்

உதைபந்தாட்டப் போட்டிக்கு முன்னர் வெளியிடப்படும் அணிப் பட்டியலில் இருப்பவை பதினொரு பெயர்கள் மட்டுமே. ஆயினும் அச்சிறு தாளைப் போல் மக்களை வாதத்தில் ஆழ்த்த வல்லவை அதிகம் இல்லை எனலாம். இளவாலை சென் ஹென்றிஸ் கல்லூரியும் யாழ்ப்பாணம் சென் பற்றிக்ஸ் கல்லூரியும் மோதிய நாட்களில், "அவனை ஏன் எடுக்கவில்லை, இவனை எதற்கு இறக்கினார்கள்" என்ற கேள்வி ஆட்டம் முடிந்த பின்னரும் தேநீர்க் கடைகளில் ஓயாதிருந்ததை எம்மிற் பலர் அறிவர். குருநகரிலும் நாவாந்துறையிலும் இதன் பொருட்டு மைத்துனர்மார் முகம் பாராது திரிந்ததும் உண்டு. புலம்பெயர்ந்த பின்னரும் அப்பழக்கம் எம்மை விட்டகலவில்லை. பிள்ளைகள் ஆர்சனல் என்றும் செல்சி என்றும் பிரிந்து நிற்க, தந்தையார் பயிற்றுநரின் அறிவீனத்தைத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு எடுத்துரைக்கும் காட்சியை இலண்டன் தமிழ் வீடுகள் பலவற்றிற் காணலாம்.

இதனை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்குவோர் உளர். அஃது சரியன்று என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. ஒரு நாட்டின் பெயரால் யாரைக் களமிறக்கலாம் என்று சிலர் கூடி முடிவெடுக்கும் போது, யார் அந்நாட்டவர் என்பதையும் சேர்த்தே முடிவெடுத்து விடுகின்றனர். அம்முடிவைக் கேள்வி கேட்கும் ரசிகன், தான் அறியாமலே பொது விடயம் ஒன்றில் தலையிடுகிறான். எமது மக்கள் செறிந்து வாழும் கிழக்கு இலண்டனின் வரலாறே இதற்குச் சான்று பகரும்.

கனிங் ரவுண் புகையிரத நிலையத்தில் நாள்தோறும் வண்டி மாறும் எம்மவர் பலர். அந்தக் கனிங் ரவுணில் 1901ஆம் ஆண்டு ஜக் லெஸ்லி பிறந்தார். தந்தையார் யமேக்காவிலிருந்து வந்தவர். தாயார் ஆங்கிலேயப் பெண்மணி. தந்தையாரின் தொழிலாகிய கொதிகலன் வேலையை மகனும் பழகினார். பார்க்கிங் ரவுண் கழகத்துக்காக ஆடிக் கோல்களைக் குவித்த இளைஞரை, 1921இல் பிளிமத் ஆர்கைல் கழகம் ஒப்பந்தம் செய்தது. கறுப்பினத்தவர் ஒருவர் தொழில்முறை ஆட்டக்காரராக இருப்பது அக்காலத்தில் மிக அரிது. ரொட்டன்ஹாம் கழகத்துக்கு 1909இல் ஆடிய வோல்ரர் ரல் போன்ற ஓரிருவரே அவருக்கு முன்னோடிகள்.

பிளிமத் கழகம் அப்போது மூன்றாம் பிரிவின் தென் வலயத்தில் ஆடிவந்தது. அவ்வலயத்தில் முதலிடம் பெறும் ஒரேயொரு கழகத்துக்கே மேற்பிரிவு செல்லும் உரிமை இருந்தது. பிளிமத்தோ 1922 தொடக்கம் 1927 வரை, ஆறு பருவங்கள் தொடர்ந்து இரண்டாமிடம் பெற்றது. (வாய்க்கு எட்டியது வயிற்றுக்கு எட்டாமற் போவதை இதைவிடத் தெளிவாக விளக்க இயலாது.) ஈற்றில் 1930இல் அக்கழகம் முதலிடம் பெற்று மேலே சென்றது. இக்காலம் முழுவதும் இடது முன்வரிசையில் நின்று ஆடியவர் லெஸ்லி. ஏறக்குறைய 400 ஆட்டங்களில் 137 கோல்கள் போட்டார், அணித்தலைவராகவும் விளங்கினார்.

1925 ஒக்ரோபர் மாதத் தொடக்கத்தில், பிளிமத் முகாமையாளர் பொப் ஜக் அவரைத் தமது அறைக்கு அழைத்து, இங்கிலாந்து அணிக்கு அவர் தெரிவாகியுள்ளார் என்ற செய்தியைக் கூறினார். அம்மாதம் 24ஆம் நாள் பெல்பாஸ்ற் நகரில் அயர்லாந்துக்கு எதிரான ஆட்டம். பத்திரிகைகளிலும் லெஸ்லியின் பெயர் வெளிவந்தது. நகரமே கொண்டாடியது. சில நாட்கள் கழிந்தன. இறுதிப் பட்டியலில் அவரது பெயர் இல்லை. அஸ்ரன் வில்லாக் கழகத்தின் பில்லி வோக்கர் அவ்விடத்தில் ஆடினார்.

காரணம் என்ன? இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் எதையும் கூறவில்லை. பல்லாண்டுகளின் பின்னர், 1978இல், முதியவராகிவிட்ட லெஸ்லி பத்திரிகையாளர் ஒருவருக்கு அளித்த செவ்வியில் தாம் அறிந்ததைச் சொன்னார். திடீரெனக் கழகத்தில் எவரும் அதுபற்றிப் பேசாது விட்டனராம். கண்ணுக்குக் கண் பார்ப்பதையும் தவிர்த்தனராம். சங்கத்தார் மீண்டும் ஒருமுறை தம்மைப் பார்க்க வந்ததாகவும், பார்க்க வந்தது ஆட்டத்தையல்ல, முகத்தையே என்றும் சுற்றிவளைத்துத் தமக்குச் செய்தி எட்டியதாக அவர் கூறினார். தந்தையாரின் நிறத்தைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது என்பதே அவரது முடிவு.

மூன்றாம் பிரிவு வீரரை எப்படித் தேசிய அணிக்கு எடுப்பது என்று சிலர் வினவலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அதே 1925ஆம் ஆண்டின் பெப்ரவரியில் வேல்ஸ் நாட்டுக்கு எதிராக இங்கிலாந்துக்கு ஆடிய ரொம் குக், அதே மூன்றாம் பிரிவின் தென் வலயத்தில் இருந்த பிறைற்றன் கழகத்தவர். எனவே பிரிவு தடையாக இருக்கவில்லை. பெல்பாஸ்ற் ஆட்டத்துக்கு அணித்தலைமை தாங்கிய குளோட் அஷ்ரனோ ஊதியம் பெறாது ஆடும் கொரிந்தியன் கழகத்துக் கனவான். அவர் இங்கிலாந்துக்காக ஆடிய முதலாவதும் கடைசியுமான ஆட்டம் அதுவே. தெரிவுக்குழுவின் கண்ணுக்கு எவ்வகையினர் இங்கிலாந்தாகத் தோன்றினர் என்பதை இதிலிருந்து உய்த்துணரலாம்.

ஆட்டம் கோல் எதுவுமின்றிச் சமநிலையில் முடிந்தது. அதே நாளில் பிளிமத்தில், போர்ண்மத் கழகத்தை ஆர்கைல் 7க்கு 2 என்ற கணக்கில் வென்றது. அவற்றுள் இரு கோல்கள் லெஸ்லியுடையவை. அதன் பின்னர் அவர் தேசிய அணிக்கு ஒருபோதும் அழைக்கப்படவில்லை.

இங்கே தெரிவுக்குழு முறை பற்றி ஒரு வார்த்தை கூறவேண்டும். இங்கிலாந்து அணிக்கு நெடுங்காலம் முகாமையாளரே இல்லை. சங்கத்தின் பெரியோர்கள் குழுவாகக் கூடி வீரர்களைத் தெரிவு செய்தனர். 1946இல் வோல்ரர் வின்ரபொட்டம் முகாமையாளராக நியமிக்கப்பட்ட பின்னரும் தெரிவு அதிகாரம் குழுவிடமே இருந்தது. குழுவாக எடுக்கும் முடிவுக்குத் தனியொருவர் பதில் கூற வேண்டியதில்லை. லெஸ்லியின் பெயரைக் கோடிட்டு வெட்டிய கை எதுவென்று இன்றுவரை எவருக்கும் தெரியாமற் போனதற்கு அதுவே காரணம். குடிவரவு அலுவலகக் கடிதங்களிற் கையொப்பத்துக்குப் பதிலாக இலக்கத்தை மட்டும் கண்டு பழகிய எமக்கு இது விளங்காத விடயமன்று. 1963இல் பொறுப்பேற்ற டகன்ஹாம் ஊரவரான அல்ப் றாம்சிதான், தெரிவு முழுவதும் தம் கையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் அப்பழைய முறைக்கு முற்றுப்புள்ளி வைத்தார்.

அந்த றாம்சியின் தெரிவுகளுள் இன்றும் வாதிக்கப்படுவது ஜிம்மி கிறீவ்ஸ் பற்றியது. எமது முருகன் கோவில் அமைந்துள்ள மனர் பார்க்கில் 1940இல் பிறந்தவர் கிறீவ்ஸ். இங்கிலாந்துக்காக 57 ஆட்டங்களில் 44 கோல்கள் போட்டவர். 1966 உலகக் கிண்ணப் போட்டியின் முதற் சுற்றில் மூன்று ஆட்டங்களிலும் ஆடினார், கோல் கிட்டவில்லை. மூன்றாவதாகிய பிரான்ஸ் ஆட்டத்தில் முழங்காலின் கீழே ஆழமான காயம் ஏற்பட்டது. அவரது இடத்துக்கு வந்த வெஸ்ற் ஹாம் வீரர் ஜெப் ஹேர்ஸ்ற், கால் இறுதியில் ஆர்ஜென்ரீனாவுக்கு எதிரான ஒரே கோலைப் போட்டார். இறுதியாட்டத்துக்குள் கிறீவ்ஸ் குணமடைந்துவிட்டார். ஆயினும் றாம்சி அணியை மாற்றவில்லை. ஜூலை 30ஆம் நாள் வெம்பிளியில் ஹேர்ஸ்ற் மூன்று கோல்கள் போட, மேற்கு ஜேர்மனியை 4க்கு 2 என இங்கிலாந்து வென்றது.

ஹேர்ஸ்ற் மூன்று கோல் போட்டதால் றாம்சி செய்தது சரி என்போரது வாதம் இக்கட்டுரையாளருக்கு உடன்பாடன்று. முடிவை வைத்துத் தெரிவை நியாயப்படுத்தினால் எல்லாத் தெரிவும் நியாயமே. அக்காலத்தில் மாற்று வீரர் இறக்கும் வழக்கம் இல்லை என்பதே மெய்யான காரணம். காயம் ஆறிய வீரர் பத்தாவது நிமிடத்தில் மீண்டும் நொண்டினால், மீதி எண்பது நிமிடமும் பத்துப் பேருடனேயே ஆடவேண்டும். கிறீவ்ஸ் ஹேர்ஸ்ற்றைக் காட்டிலும் திறமையானவர் என்பதில் ஐயமில்லை. இருந்தும் அன்று றாம்சி செய்ததே சரி. இதற்கு மாறாக எண்ணும் வாசகர்கள் பலர் இருப்பர். அவர்கள் தாராளமாக வாதிக்கலாம். ஏனெனில் இங்கே முடிவெடுத்தவர் யார் என்பது தெரியும், காரணம் தெரியும், காரணம் ஆட்டத்துக்குள் அடங்கியது. களமிறங்கிய பதினொருவருக்கு மட்டுமே அன்று பதக்கம் வழங்கப்பட்டது. ஏனைய வீரர்களுக்கும் பதக்கம் வேண்டும் என்ற நீண்ட கோரிக்கையின் பின்னர் 2009இல் கிறீவ்ஸ் தமது பதக்கத்தைப் பெற்றுக்கொண்டார். 2021இல் காலமானார்.

அந்த வெற்றி அணியில் ஹேர்ஸ்ற்றுடன் பொபி மூர், மார்ட்டின் பீற்றர்ஸ் ஆகிய மூவரும் வெஸ்ற் ஹாம் கழகத்தவர்கள். பார்க்கிங் வீதியும் கிறீன் வீதியும் சந்திக்கும் இடத்தில் 2003 முதல் நிற்கும் அவர்களது சிலையைக் கடந்தே எம்மவர் மரக்கறி வாங்கச் செல்கின்றனர். ஆனால் அம்மூவரினதும் சப்பாத்துக்களைத் துடைத்து வைத்தவர் யார் என்பதைச் சிலை கூறாது.

ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற லெஸ்லி, கிழக்கு இலண்டனுக்குத் திரும்பித் தமது பழைய கொதிகலன் தொழிலையே பார்த்துவந்தார். வேலையிலிருந்தும் ஓய்வு பெற்ற பின், வீட்டிலிருக்க மனமின்றி அப்ரன் பார்க் மைதானத்துக்குச் சென்று ஏதாவது வேலை உண்டா என விசாரித்தார். அப்போது வெஸ்ற் ஹாம் முகாமையாளராக இருந்த றொன் கிறீன்வூட் முதியவரை இன்னாரென அடையாளம் கண்டு, சப்பாத்து அறையில் வேலை கொடுத்தார். இங்கிலாந்தின் தொப்பி மறுக்கப்பட்டவர், இங்கிலாந்தின் தொப்பி பெற்றவர்களது சப்பாத்துக்களிலிருந்து சேறு சுரண்டினார். அவர்களுள் அநேகருக்கு, தமக்குப் பணி செய்யும் முதியவர் எத்தகைய ஆட்டக்காரர் என்பது தெரியாது. அவரும் சொல்லித் திரியவில்லை.

அதே அறையில் கிளைட் பெஸ்ற்றின் சப்பாத்தும் இருந்தது. பெர்முடாத் தீவிலிருந்து 1968இல் வந்த கறுப்பின இளைஞர் அவர். எதிரணி ரசிகர் குரங்கு போலக் கத்தினர். களத்துக்கு வந்தால் முகத்தில் அமிலம் வீசுவோம் என்று மிரட்டற் கடிதமும் வந்தது. அவர் ஆடினார். 1972 ஏப்ரல் 1ஆம் நாள் ரொட்டன்ஹாம் கழகத்துக்கு எதிராகப் பெஸ்ற், கிளைவ் சார்ள்ஸ், அடே கோக்கர் என்ற மூன்று கறுப்பின வீரர்களை வெஸ்ற் ஹாம் ஒரே அணியில் இறக்கியது. அக்காலத்தில் இலண்டன் மைதான வாயில்களில் தேசிய முன்னணி என்ற நிறவாதக் கட்சியினர் தமது பத்திரிகையை விற்றுக் கொண்டிருந்தனர் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

கிறீன்வூட் பின்னர் இங்கிலாந்து அணியின் முகாமையாளரானார். 1978 நவம்பர் 29ஆம் நாள், செக்கோசிலோவாக்கியாவுக்கு எதிராக வெம்பிளியில் அவர் இறக்கிய அணியில் நொட்டிங்ஹாம் பொறெஸ்ற் கழகத்தின் விவ் அன்டர்சன் இருந்தார். இங்கிலாந்தின் முதன்மை அணியில் ஆடிய முதற் கறுப்பின வீரர் அவரே. லெஸ்லியின் பெயர் மறைந்து 53 ஆண்டுகள் கழிந்திருந்தன. சப்பாத்து அறையில் முதியவருக்கு இடம் கொடுத்தவரும், பட்டியலில் அன்டர்சனுக்கு இடம் கொடுத்தவரும் ஒருவரே என்பதை வரலாற்றின் விசித்திரம் என்று விட்டுவிடலாம்; நேர்மையான மனிதர் இரு இடத்திலும் அவ்வாறே நடந்தார் என்பது எமக்குப் பொருத்தமாகப் படுகிறது.

ரசிகர் என்றால் எப்போதும் நீதியின் பக்கம் நிற்பவர் என்று எண்ணிவிடக் கூடாது. 1982 ஏப்ரலில் செல்சி அணிக்காக முதன்முதல் களமிறங்கிய போல் கனோவில், சவுதோலில் பிறந்த இலண்டன்காரர். அவரை நிறத்தைச் சொல்லி ஏசியவர்கள் எதிரணியினர் அல்லர், செல்சி ரசிகர்களே. மைதானத்தில் எழுந்த குரல் மைதானத்தோடு நின்றதுமில்லை. 1980இல் ஈஸ்ற் ஹாம் வீதியில் ஆசிய இளைஞர் ஒருவர் பட்டப்பகலிற் குத்திக் கொல்லப்பட்டார். 1992இன் தொடக்கத்தில் நியூஹாமில் தாக்குதலுக்குள்ளான எமது தமிழ் அகதி இளைஞர் ஒருவரும் உயிரிழந்தார். சனிக்கிழமைகளில் வெஸ்ற் ஹாம் ஆட்டம் முடியும் வேளை, பிள்ளைகளை வெளியே அனுப்பாது கதவடைத்திருந்த குடும்பங்களை அக்காலத்தில் வாழ்ந்தோர் மறந்திருக்க மாட்டார்கள்.

இருந்தும் லெஸ்லியின் பெயரை மீட்டவர்களும் ரசிகர்களே. இலண்டனில் வாழும் பிளிமத் ஆர்கைல் ரசிகர்கள் இருவர் 2020இல் அவருக்குச் சிலை எழுப்பவென நிதி திரட்டத் தொடங்கினர். 1 இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட தொகை சேர்ந்தது. 2022 ஒக்ரோபரில், பிளிமத் மைதானத்தின் முன்னால் சிலை திறக்கப்பட்டது. உதைபந்தாட்டச் சங்கமும் இறுதியில் இறங்கி வந்தது. 2023 மார்ச் 26ஆம் நாள், லெஸ்லிக்குரிய தொப்பி வெம்பிளியில் அவரது குடும்பத்தினரிடம் வழங்கப்பட்டது. 97 ஆண்டுகள்! லெஸ்லி 1988இலேயே காலமாகிவிட்டார். கிறீவ்ஸ் தமது பதக்கத்தைக் கையில் வாங்கினார். இவருக்கு அதுவும் கிட்டவில்லை.

அன்றைய ஆட்டம் உக்ரேனுக்கு எதிரானது. போரினால் இங்கு தஞ்சம் புகுந்திருந்த உக்ரேன் குடும்பங்கள் பலவும் அரங்கில் இருந்தன. இங்கிலாந்தின் இரு கோல்களுள் ஒன்றைப் போட்டவர் புக்காயோ சாகா. நைஜீரியப் பெற்றோருக்கு ஈலிங்கிற் பிறந்த மைந்தர். 2021 ஜூலை 11ஆம் நாள் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில், இத்தாலிக்கு எதிரான தண்ட உதையைத் தவறவிட்ட மூவருள் இவரும் ஒருவர். மற்றைய இருவராகிய றஷ்போர்ட், சான்சோ ஆகியோரைப் பயிற்றுநர் சவுத்கேற் மேலதிக நேரத்தின் கடைசிக் கணத்திலேதான் களமிறக்கினார். காலிற் பந்து படாத வீரர்களை நேரே தண்ட உதைக்கு அனுப்பியது பெருந்தவறு என்பதே எமது கருத்து. ஆனால் அன்றிரவு மூவர் மீதும் பொழியப்பட்டது கருத்தன்று, நிறவாத வசை. சவுத்கேற்றோ, உதைப்பவர்களைத் தெரிவு செய்தவர் தாமே, பொறுப்பும் தமதே என்று வெளிப்படையாகக் கூறினார். 1925இன் குழுவில் அப்படிச் சொல்ல ஒருவர் இருந்திருப்பின் லெஸ்லி தம் வாழ்நாளிலேயே ஒரு பதிலைப் பெற்றிருப்பார்.

பட்டியலில் எம்மவர் பெயர்கள் எங்கே என்று பிள்ளைகள் கேட்கின்றனர். இலண்டன் மண்ணில் அதற்கும் ஒரு பழைய பக்கம் உண்டு. 1948 ஒலிம்பிக் போட்டியின் போது, ஜூலை 31ஆம் நாள் இல்ஃபர்ட் கிறிக்கிள்பீல்ட் மைதானத்தில் சுதந்திர இந்தியா பிரான்ஸை எதிர்கொண்டது. இந்திய வீரர்களுட் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். இரு தண்ட உதைகளைத் தவறவிட்டு 2க்கு 1 என்று தோற்றனர். இந்தியாவின் அந்த ஒரே கோலைப் போட்டவர், தமிழ்ப் பெயர் தாங்கிய சாரங்கபாணி ராமன். இன்று தமிழ்ப் பிள்ளைகள் பலர் வாழும் இல்ஃபர்ட்டில் இதனை அறிந்தோர் சிலரே.

அதன் பின் நெடிய இடைவெளி. 2024 ஆகஸ்ற் மாதத்தில், பாண்ஸ்லிக் கழகத்தின் முதலணிக்காக விமல் யோகநாதன் களமிறங்கினார். இங்கிலாந்தின் தொழில்முறைக் கழக ஆட்டத்தில் இறங்கிய முதற் தமிழ் வம்சாவளியினர் இவரே என அறிவிக்கப்பட்டது. பெற்றோர் இலங்கைத் தமிழர். பிறந்து வளர்ந்தது வட வேல்ஸில். நடுக்களத்தில் ஆடுபவர்; வேல்ஸ் நாட்டின் இளையோர் அணிப் பட்டியல்களில் அவரது பெயர் ஏற்கனவே இடம்பெற்றுள்ளது.